பாமினியில் அடித்த பழைய கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றினால் ஆங்கில எழுத்தாக வருகிறது, உதவி தேவை

பொருநைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அடுத்த ஆண்டு நூறு வயது ஆகிறது. நூற்றாண்டு மலர் போடும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பாடம் எடுத்த தலைமை ஆசிரியர் 2004-ல் பள்ளியின் வரலாற்றை எழுதி, டிடிபி கடையில் அடித்து, சிடியில் போட்டு வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. அவர் வீட்டில் அந்த சிடியைக் கொடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது. மொத்தம் 31 கோப்புகள், எல்லாம் பாமினி எழுத்துருவில்.

என் கணினியில் லிப்ரெஆபீஸ் ரைட்டர்தான் இருக்கிறது. பாமினியை நிறுவியதும் கோப்புகள் சரியாகத் தெரிந்தன. ஆனால் மற்ற கட்டுரைகளை எல்லாம் நோட்டோ செரிஃப் தமிழில் அடித்திருக்கிறோம். மலர் முழுக்க ஒரே எழுத்தாக இருக்கட்டும் என்று சாரின் கட்டுரையைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினேன். பக்கம் முழுக்கப் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். பாமினிக்குத் திரும்பினால் மறுபடி தமிழ். ஒரே ஒரு பெட்டியில் பெயரை மாற்றியதற்கு ஏன் இப்படி ஆகிறது?

தெற்குவாசல்:
நோட்டோவை விட்டுவிட்டு லதாவில் போட்டுப் பாருங்கள். விண்டோஸில் தமிழுக்கென்றே வந்த எழுத்துரு அது. கன்ட்ரோல் ஏ அழுத்தி மொத்தமாக மாற்றினால் போதும்.

பொருநைக்கரை:
லதாவிலும் அப்படியேதான் வருகிறது. நிர்மலாவிலும் பார்த்துவிட்டேன்.

அச்சுக்கோப்பாளர்:
அம்மா, எந்தத் தமிழ் எழுத்துருவைப் போட்டாலும் அப்படித்தான் வரும். உங்கள் கோப்புக்குள் தமிழ் இல்லை. பார்க்கத்தான் தமிழ்.

ஈய எழுத்து அடுக்கிப் பழகியவன் நான், பிறகு இருபது வருடம் டிடிபி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். 'அம்மா' என்று திரையில் தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கிறது. எம் இருக்கும் இடத்தில் அகரத்தின் படம், கே இருக்கும் இடத்தில் மகரத்தின் படம், அரைப்புள்ளியின் இடத்தில் புள்ளி. பாமினி அந்தப் படத்தைக் காட்டுகிறது. நோட்டோவுக்கும் லதாவுக்கும் எம் என்றால் எம்தான், அகரம் அதற்குத் தனி எண்ணில் இருக்கிறது. நீங்கள் சட்டையைக் கழற்றினீர்கள், உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. எழுத்துருவின் மேல் தப்பில்லை.

அதனால் முதலில் செய்ய வேண்டியது எழுத்துரு மாற்றம் இல்லை, குறியேற்ற மாற்றம். குறியேற்றம் என்றால் எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு. பாமினியிலிருந்து, எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் வைத்திருக்கும் யூனிகோடு என்ற பொதுக் குறியேற்றத்துக்குக் கொண்டு வரவேண்டும். அதன் பிறகு நோட்டோ, லதா, எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

தெற்குவாசல்:
சரிதான் ஐயா, நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். என் அலுவலகக் கோப்புகள் எல்லாமே யூனிகோடு என்பதால் இது எனக்கு நேர்ந்ததே இல்லை. பொருநைக்கரை, மன்னிக்கவும்.

நிரல்மொழி:
கொஞ்சம் பின்னணி சொல்கிறேன், மாற்றும்போது உதவும். யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கணினிகள் அதைச் சரியாகக் காட்ட வருடங்கள் பிடித்தன. லதா விண்டோஸ் 2000-த்தோடுதான் வந்தது. அந்த இடைவெளியில் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்து வேலை செய்தார்கள். மின்னஞ்சல் குழுக்களில் திஸ்கி, தமிழ்நாடு அரசு 1999-ல் அறிவித்த டாம், டாப், இன்னும் எத்தனையோ. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். ஆகவே 2004 கோப்பு பாமினியில் இருப்பதில் வியப்பே இல்லை.

மாற்றுவதற்கு என்ஹெச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது, பொங்குதமிழ் என்ற இணையப் பக்கமும் இருக்கிறது. இரண்டும் இலவசம். பாமினி என்று தேர்ந்தெடுத்து, ஒட்டி, யூனிகோடாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மூலக் கோப்பை மட்டும் தொடவே தொடாதீர்கள். சிடியை அப்படியே ஒரு கோப்புறையில் நகலெடுத்து வைத்துவிட்டு, இன்னொரு நகலில் வேலை செய்யுங்கள்.

வல்லைவெளி:
வணக்கம் அக்கா. யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் பாமினிதான் எல்லாம். விரலுக்குப் பழகிய விசைப்பலகையும் அதுவே. கோயில் மலர், பாடசாலை மலர், நினைவு மலர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பழைய கோப்புகளை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதிய பட்டங்களையும் பெயர்களையும் கூடத் தமிழாக்கி, வாயில் நுழையாத எழுத்துக் கூட்டமாகத் தந்துவிடும். நான் செய்வது இது: மாற்றுவதற்கு முன் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 9001, 9002 என்று எண் போடுவேன். எண் எது, சொல் எது என்று கொப்பியில் எழுதி வைப்பேன். பாமினியில் எண்கள் எண்களாகவே இருக்கும், மாற்றினாலும் குலையாது. முடிந்த பிறகு ஒவ்வொன்றாகத் தேடித் திருப்பிப் போடலாம். சதுர அடைப்புக்குறி, ஹாஷ் போன்ற குறிகளை அடையாளமாக வைக்க வேண்டாம், அவற்றின் இடத்தில் எல்லாம் தமிழ் எழுத்து இருக்கிறது.

மற்றது காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது இகரம். உண்மையான காற்புள்ளி வேறு விசையில் இருக்கிறது. கடையில் அடித்தவர் அவசரத்தில் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி ஒரு காற்புள்ளி போட்டிருந்தால், மாற்றியதும் அது 'இ' ஆகிவிடும். "ராமன்இ கண்ணன்இ முருகன்" என்று வந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் காரணம். சொல்லின் இறுதியில் இகரம் தனியாக நிற்பது தமிழில் கிடையாது, ஆகவே 'இ'யும் இடைவெளியும் சேர்ந்த இடங்களைத் தேடினால் பெரும்பாலும் பிடிபடும்.

பொருநைக்கரை:
தம்பி, அந்த எண் யோசனைக்கு மிகவும் நன்றி. சார் ஆங்கில ஆசிரியரும்கூட, பக்கத்துக்குப் பத்து ஆங்கிலச் சொல் இருக்கும். இன்று இரவு முதல் கோப்பை எடுக்கிறேன்.

ஒரு சந்தேகம். பாமினியிலேயே அச்சுக்குக் கொடுத்துவிட்டால் என்ன குறை? மற்ற கட்டுரைகளோடு வடிவம் ஒத்துப்போகாது, அவ்வளவுதானே?

அச்சுக்கோப்பாளர்:
தாளில் ஒரு குறையும் இல்லை அம்மா. பல வருடம் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பல அப்படித்தான் வந்தன. ஆனால் அந்தக் கோப்பில் 'ஸ்ரீவைகுண்டம்' என்று தேடினால் கிடைக்காது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். இன்னும் இருபது வருடம் கழித்துப் பேரப்பிள்ளை ஒருவன் திறந்து, ஏதோ கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடக் கூடாது. ஒரு பள்ளியின் நூறு வருடம் அதில் இருக்கிறது. சிரமப்பட்டாவது மாற்றிவிடுங்கள்.

பொருநைக்கரை:
நான்கு நாள் ஆயிற்று, 11 கோப்புகள் முடிந்தன. தம்பி சொன்னது போலவே காற்புள்ளி எல்லாம் இகரமாகத்தான் வந்தது. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். எண் வைத்த முறை அருமையாக வேலை செய்தது.

இப்போது வேறு சிக்கல். ஸ்டைல் (எழுத்துரு, அளவு எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்து வைப்பது) வைத்து வடிவம் கொடுக்கச் சொல்லி முன்பு இங்கே யாரோ எழுதியிருந்ததைப் படித்து, டீஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், அளவு 13 என்று போட்டேன். ஆங்கிலச் சொற்கள் பெரிதாகின்றன. தமிழ் அசையவே இல்லை. மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன்.

நிரல்மொழி:
இது தமிழில் எழுதுகிற எல்லோரும் ஒரு முறையாவது முட்டிக்கொள்ளும் இடம். ரைட்டர் ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் எழுத்துருவை மூன்று அறையாகப் பிரித்து வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்துகளுக்கு ஒன்று, சீனம், ஜப்பானியம் போன்றவற்றுக்கு ஒன்று, சிக்கலான எழுத்தமைப்புக்கு ஒன்று. தமிழ், இந்தி, அரபி எல்லாம் மூன்றாவது அறை. மெனுவில் சிடிஎல் என்றோ காம்ப்ளெக்ஸ் என்றோ இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் எழுத்துரு தனி, அளவு தனி, தடிமன் தனி. நீங்கள் முதல் அறையில் 13 என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் மூன்றாவது அறையில் பழைய அளவிலேயே இருக்கிறது.

மூன்றாவது அறையே கண்ணில் படவில்லையா? டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிகள் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை டிக் செய்து, பக்கத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எஃப்11 அழுத்தி ஸ்டைல் பட்டியலைத் திறந்து, ஸ்டைல் மேல் வலச்சொடுக்கி, எடிட் கொடுத்து ஃபாண்ட் பக்கம் போனால் தெரியும்.

வேர்டிலும் இதே கதைதான். அங்கே ஃபாண்ட் பெட்டியில் லத்தீனுக்கு ஒரு பகுதி, காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்குக் கீழே ஒரு பகுதி. ஆபீஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்திருந்தால்தான் கீழ்ப் பகுதி தெரியும்.

தெற்குவாசல்:
எனக்கே இது இன்றுதான் விளங்குகிறது. வேர்டில் மேலே இருக்கும் பெட்டியில் காலிப்ரி என்று இருக்கும், ஆனால் தமிழ் தெரியும். காலிப்ரியில் தமிழ் எழுத்தே கிடையாதே, எப்படி என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

நிரல்மொழி:
காலிப்ரியில் இல்லாத எழுத்தை மென்பொருள் வேறோர் எழுத்துருவிடம் கடன் வாங்கிக் காட்டுகிறது. விண்டோஸ் 8 முதல் பெரும்பாலும் நிர்மலா யூஐ. பெட்டியில் ஒரு பெயர், திரையில் வேறு முகம். அந்தக் கோப்பை லினக்ஸில் திறந்தால் கடன் கொடுப்பவர் மாறிவிடுவார், பக்க எண்ணிக்கையும் மாறும். அதனால்தான் தமிழ் அறையில் தமிழ் எழுத்துருவின் பெயரை நாமே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்.

லதாவைப் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்புக்குள் போய்விட்டன. புதுக் கணினியில் அவை இல்லாமல் இருக்கலாம், அமைப்புகளில் போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொருநைக்கரை:
வந்துவிட்டது! மூன்றாவது அறையில் 13 போட்டதும் மலர் முழுக்க ஒரே நொடியில் மாறியது. ஆனால் சில பத்திகள் மட்டும் பிடிவாதமாகப் பழைய அளவிலேயே இருக்கின்றன.

நிரல்மொழி:
அந்தப் பத்திகளில் யாரோ கையால் அளவு மாற்றியிருக்கிறார்கள். கையால் கொடுத்தது எப்போதும் ஸ்டைலை மீறி நிற்கும். பத்தியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எம் அழுத்துங்கள், கைவேலை எல்லாம் கழன்று ஸ்டைலுக்குத் திரும்பும். வேர்டில் இதற்கு கன்ட்ரோல் ஸ்பேஸ். ஒரு எச்சரிக்கை: சார் வேண்டுமென்றே தடித்த எழுத்தில் போட்ட சொற்களும் சாதாரணமாகிவிடும். மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒற்றெழுத்து:
மெய்ப்புப் பார்ப்பவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். சாய்வெழுத்து வைத்திருக்கிறீர்களா? ஆங்கிலப் பழக்கத்தில் புத்தகப் பெயர், மேற்கோள் எல்லாவற்றையும் சாய்த்துவிடுகிறோம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. அதில் றகரமும் ணகரமும் விழப்போவது போல் நிற்கும். தமிழ் அச்சில் மேற்கோளுக்கு மேற்கோள் குறி இருக்கிறது, அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து இருக்கிறது. பாட்டு, பழமொழி என்றால் பத்தியை உள்ளே தள்ளிப் போடலாம். சாய்வை அறவே எடுத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தடித்த எழுத்திலும் இதே கேள்வி உண்டு. உண்மையான தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் பி அழுத்தினால் மென்பொருள் எழுத்தின் கோடுகளை வீங்க வைக்கும், ணகரத்தின் சுழிகள் அடைத்து மைப்பொட்டாகிவிடும். நோட்டோவில் அந்தக் கவலை இல்லை. தலைப்புக்கு வேறு முகம் வேண்டுமென்றால் முக்த மலர் பாருங்கள், ஏழு தடிமன்களில் இருக்கிறது. கட்டமரன் ஒன்பது தடிமன், ஹிந்த் மதுரை ஐந்து. எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, மலரில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பொருநைக்கரை:
அக்கா, ஒரு பாடலை முழுக்கச் சாய்த்திருந்தேன், இப்போதே எடுத்துவிட்டேன். அது பள்ளி வாழ்த்துப் பாட்டு, சார் எழுதியது. உள்ளே தள்ளி வைத்ததும் தனி அழகாக இருக்கிறது.

வரி இடைவெளியில் ஒரு உதவி. பக்கம் குறையட்டும் என்று ஃபிக்ஸட் 14 பாயிண்ட் வைத்தேன். எழுத்துக்கு மேலே வரும் இகர, ஈகரக் கொக்கிகள் வெட்டுப்படுகின்றன. கி, ணீ எல்லாம் தலையில்லாமல் தெரிகின்றன.

அச்சுக்கோப்பாளர்:
13 பாயிண்ட் எழுத்துக்கு 14 பாயிண்ட் வரி என்பது ஆங்கிலத்துக்கே நெருக்கம். தமிழில் மேலே கொக்கி போகும், கீழே கூ, மூ இறங்கும். ஈய எழுத்துக் காலத்தில் வரிக்கு வரி நடுவே ஈயத் தகடு வைப்போம், தகடில்லாமல் அடுக்கினால் முதலாளி திட்டுவார். ஃபிக்ஸட் 20 வைத்துப் பாருங்கள், வேண்டுமானால் 19. ப்ரொபோர்ஷனல் வைப்பதைவிட ஃபிக்ஸட் நல்லது என்பேன். ஏனென்றால் உங்கள் கட்டுரையில் ஆங்கிலச் சொல் கலந்து வருகிறது. இரண்டு எழுத்துருவின் உயரம் வேறு வேறு, ப்ரொபோர்ஷனலில் ஆங்கிலம் வந்த வரி மட்டும் தள்ளி நிற்கும். பக்கம் குறைய வேண்டும் என்றால் எழுத்தை 12 ஆக்குங்கள், வரியை நெரிக்காதீர்கள். மலரைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் பழைய மாணவர்கள், கண்ணாடி போட்டவர்கள்.

ஒற்றெழுத்து:
இரு ஓரமும் சமமாக்கியிருந்தால் நீளச் சொற்களால் நடுவில் பெரிய வெற்றிடம் விழும். தமிழ் அச்சில் சொல்லை உடைத்து, கோடு போடாமலே அடுத்த வரிக்குக் கொண்டுபோவது பழைய வழக்கம். ரைட்டரில் இன்செர்ட் மெனுவில் ஃபார்மேட்டிங் மார்க் என்பதற்குள் அகலமில்லா விருப்ப முறிவு ஒன்று இருக்கிறது. 'ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது' போன்ற சொல்லில் 'ஏற்றுக்கொள்ளப்' என்பதற்குப் பின்னால் அதை வைத்தால், தேவைப்பட்டால் மட்டும் அங்கே உடையும். எல்லா வேலையும் முடிந்த பிறகு, அச்சுக்குப் போகும் நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத குறி உள்ளே இருந்தால் சில இடங்களில் தேடும்போது அந்தச் சொல் கிடைக்காது.

பொருநைக்கரை:
இருபது பாயிண்டில் பக்கமே மூச்சு விடுகிறது, ஐயா. 148 பக்கம் வருகிறது, குழு சம்மதித்துவிட்டது.

தேடுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. 'ஸ்ரீவைகுண்டம்' என்று தேடினால் பாதி இடங்களில்தான் கிடைக்கிறது. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றாகவே இருக்கிறது.

நிரல்மொழி:
அது ஸ்ரீ செய்யும் வேலை. அந்தக் கூட்டெழுத்தை இரண்டு விதமாக அடிக்கலாம். முதலில் எல்லோரும் ஸகரத்தில் தொடங்கி அடித்தார்கள். 2005-ல் யூனிகோடு ஶகரத்தைத் தனியாகச் சேர்த்தது, முறைப்படி ஸ்ரீ அந்த ஶகரத்தில் தொடங்க வேண்டியது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுகின்றன, ஆனால் கோப்புக்குள் எண் வேறு. உங்கள் மாற்றி ஒன்றைத் தந்திருக்கும், மற்ற கட்டுரைகளை அடித்தவர்களின் விசைப்பலகை மற்றதைத் தந்திருக்கும். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஒரு கட்டுரையிலிருந்து ஸ்ரீயை நகலெடுத்து மேலேயும், மற்றதிலிருந்து எடுத்துக் கீழேயும் ஒட்டி, மொத்தமாக ஒரே வகைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஊர்ப் பெயரே அது என்பதால் கட்டாயம் செய்ய வேண்டும்.

வல்லைவெளி:
அக்கா, 1930களில் எடுத்த பள்ளிப் படம் ஏதாவது இருக்கிறதா? எங்கள் பாடசாலை மலரில் முதல் பக்கத் தலைப்பை மட்டும் பழைய வடிவ லை, ணா உள்ள எழுத்துருவில் போட்டோம். பெரியவர்கள் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

அச்சுக்கோப்பாளர்:
நல்ல யோசனை. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வரும்வரை தமிழ்நாட்டுப் பாடநூல்களில் யானைத் துதிக்கை போல் வளைந்த லைதான். பெரியார் 1935-லேயே தம் இதழில் சீர்திருத்த வடிவத்தைத் தொடங்கிவிட்டார். யூனிகோடில் பழைய லைக்கும் புது லைக்கும் எண் ஒன்றே, வடிவம்தான் எழுத்துருவில் வேறு. அதனால் தலைப்பைப் பழைய முகத்தில் காட்டினாலும் தேடினால் கிடைக்கும். நூறு வருடப் பள்ளிக்குப் பொருத்தமாக இருக்கும்.

அச்சகத்துக்கு ரைட்டர் கோப்பை அனுப்பாதீர்கள், பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துருக்கள் அதற்குள்ளேயே அடங்கிவிடும். குழுவில் யாராவது திருத்த வேண்டும் என்று மூலக் கோப்பைக் கேட்டால், ஃபைல், ப்ராபர்ட்டீஸ், ஃபாண்ட் பக்கத்தில் எம்பெட் ஃபாண்ட்ஸ் டிக் செய்துவிட்டுக் கொடுங்கள்.

பொருநைக்கரை:
31 கோப்பும் முடிந்தன. பிடிஎஃப் நேற்று அச்சகத்துக்குப் போய்விட்டது. தலைப்பைப் பழைய லையில் போட்டோம், தம்பி.

கடைசிக் கோப்பில் சார் 1961-ல் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வைத்திருந்தார், 43 பெயர்கள். பாமினியில் இருந்தவரை அது வெறும் படம் மாதிரிதான். மாற்றியதும் என் அம்மாவின் பெயரை அடித்துத் தேடினேன். பதினேழாவது வரியில் நின்றது.

அச்சுக்கோப்பாளர்:
அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு பெரிய தாளில் 18 பாயிண்டில் எடுத்து அம்மாவிடம் கொடுங்கள். வரி 28 வையுங்கள்.